இரண்டு பக்கமும் சமமாக

வீட்டில் ஜிம் வைக்கிறவர்கள் எல்லோரும் ஒரே வரிசையில்தான் சாமான் வாங்குகிறார்கள். முதலில் பெஞ்ச். அப்புறம் பார். அதற்கப்புறம் ஆசை தீரும் வரை பிளேட். அந்த பிளேட்டுகளை எங்கே வைப்பது என்ற கேள்வி, கால் விரலில் ஒன்று விழுந்த பிறகுதான் வருகிறது. என் மாப்பிள்ளைக்கு அப்படி எதுவும் விழவில்லை, அதனால் கேள்வியும் வரவில்லை. மாடியில் இருக்கும் நல்ல காற்றோட்டமான அறை முழுக்க இரும்புத் தட்டுகள் இறைந்து கிடந்தன. ஒன்று கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்தது.

சார், நேற்று நீங்கள் அந்த அறையைப் பார்த்துவிட்டு, "எதிர்பாராம நடந்துபோச்சு பெரியவரே, யார் என்ன பண்ண முடியும்" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனீர்கள். நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. நான் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். எதிர்பாராமல் நடப்பது என்று ஒன்று கிடையாது என்று சொல்லியே சம்பளம் வாங்கியவன். அதனால்தான் நீங்கள் கூப்பிடாமலேயே ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன்.

மாப்பிள்ளையைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். சிகரெட், குடி எதுவும் கிடையாது. என் மனைவி போன பிறகு, "தனியா எதுக்கு மாமா, எங்ககூட வந்துருங்க" என்று முதலில் கூப்பிட்டவர் அவர்தான், மகள் அல்ல. ஒரே ஒரு குறை, சொன்னால் கேட்க மாட்டார்.

வந்த புதிதில் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் வைத்துச் சொன்னேன். "மாப்பிள்ளை, பிளேட்டெல்லாம் தரையில கெடக்கு. யாராவது தடுக்கி விழுந்துருவாங்க."

"மாமா, இது ஃபேக்டரி இல்ல, வீடு" என்றார்.

மகள் சிரித்துவிட்டாள். "அப்பா இன்னும் ரிடையரே ஆகலைங்க" என்றாள்.

நானும் சிரித்தேன். எல்லோரும் சிரிக்கும்போது சேர்ந்து சிரிக்கத் தெரியாதவன் மகள் வீட்டில் காலம் தள்ள முடியாது. ஆனால் அந்தச் சிரிப்பு எனக்கு வலித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

சில நாள் கழித்து மகள் ஃபோனைப் பார்த்துக்கொண்டே படியிறங்கி வந்தாள். "அப்பா, நீங்களே ஒரு ஸ்டாண்டு பாத்து வாங்கிருங்க. உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்." கைப்பிடியைப் பிடித்து இறங்கும்மா என்றேன். சரிப்பா என்று பிடிக்காமலே இறங்கினாள். அந்த வீட்டில் எனக்கென்று ஒரு வேலை கொடுத்தது அதுதான் முதல் தடவை. சந்தோஷமாக இருந்தது.

கடையில் மூன்று வகை காட்டினார்கள். ஒன்று, சுவரில் போல்ட் அடித்து மாட்டுவது. யார் எப்படித் தொங்கவிட்டாலும் சுவர் தாங்கிக்கொள்ளும். இரண்டாவது, தரையோடு தரையாக உட்கார்ந்திருப்பது. அலமாரியில் புத்தகம் அடுக்குவது போல பிளேட்டுகளை நிறுத்தி வைக்கலாம், சாய்வதற்கு அதில் எதுவும் இல்லை. மூன்றாவது, நடுவில் ஒரு கம்பம், அதன் இரண்டு பக்கமும் முளைகள், சட்டை மாட்டும் ஸ்டாண்டு மாதிரி. அடிக்கட்டை கொஞ்சம் குறுகல்.

கடைக்காரர் யோக்கியமான மனிதர். "சார், இத மட்டும் பாத்து வாங்குங்க. பெருசு கீழ, சின்னது மேல, ரெண்டு பக்கமும் சமமா மாட்டணும். போல்ட் குடுத்திருக்காங்க, தரையில முடுக்கிருங்க. ஒரு பக்கமாவே ஏத்தினா சாஞ்சிரும்" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். சுவரில் மாட்டுவது எந்தத் தப்பையும் பொறுத்துக்கொள்ளும். பொறுத்துக்கொள்கிற சாமானை வைத்துக்கொண்டு மனிதன் எதைக் கற்றுக்கொள்வான்? மூன்றாவதைக் கட்டித் தரச் சொன்னேன்.

இது உங்களுக்கு விசித்திரமாகத் தெரியலாம். தொழிற்சாலையில் நடந்ததைச் சொன்னால் புரியும். அங்கே ஒரு பிரஸ் மெஷினுக்குத் தடுப்பு கேட்டு நடையாய் நடந்தேன். மேனேஜர், பார்க்கலாம் பார்க்கலாம் என்றார். ஒருநாள் அந்த மெஷினில் ஒரு ஆளுக்கு மூன்று விரல் போனது. அந்த வாரமே தடுப்பு வந்துவிட்டது. அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று சும்மா சொல்லி வைக்கவில்லை. அதற்குப் பிறகு நான் யாரிடமும் நடையாய் நடக்கவில்லை. ஆனாலும் அந்தத் தொழிற்சாலைக்குத் தேவையான தடுப்புகள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. என் பிரிவு உபசாரத்தில் அதைத்தான் பாராட்டிப் பேசினார்கள்.

ஸ்டாண்டை நானே பூட்டினேன். பெஞ்சின் தலைமாட்டில் வைக்கச் சொன்னது மாப்பிள்ளைதான், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும் என்றார். போல்ட்டுகளை மேஜை இழுப்பறையில் போட்டுவைத்தேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

முறைப்படி மாட்டியும் காட்டினேன். ஒரு வாரம் அப்படியே இருந்தது. அப்புறம் அவர் தன் பழைய வழிக்கே திரும்பிவிட்டார். குனிவதற்குச் சோம்பல், அதனால் பெரிய பிளேட்டெல்லாம் மேல் முளைக்குப் போனது. சுற்றிப் போவதற்குச் சோம்பல், அதனால் எல்லாமே பெஞ்ச் பக்கம் வந்தது. ஜன்னல் பக்கம் இருந்தது, அடி முளையில் நான் மாட்டிய இரண்டு பிளேட் மட்டும். இருப்பதிலேயே கனமானவை. அவற்றைத் தூக்கும் அளவுக்கு அவர் இன்னும் தேறவில்லை, அடுத்த மாசம் மாமா என்பார்.

இரண்டாவது தடவை சொன்னேன். "ரெண்டு பக்கமும் சமமா மாட்டுங்க மாப்பிள்ளை."

"நிக்குதுல்ல மாமா" என்றார்.

மூன்றாவது தடவை அவர் நண்பர் ஒருவர் வந்திருந்தபோது சொன்னேன். மாப்பிள்ளை அவரைப் பார்த்துக் கண்ணடித்து, "எங்க வீட்டு இன்ஸ்பெக்டர்" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மூன்று தடவை சொல்வது என் வழக்கம். நாலாவது தடவை சொல்கிறவனுக்கு மரியாதை இருக்காது.

சம்பவம் நடந்த அன்று காலை அறையைத் துடைக்கப் போனேன். ஜன்னல் பக்கம் இருந்த இரண்டு கனமான பிளேட்டுகளையும் இறக்கினேன். தூக்கிக்கொண்டு நடக்க என்னால் முடியாது, ஒவ்வொன்றாகத் தரையில் உருட்டிக்கொண்டு போய் ஜன்னலுக்குக் கீழே சாய்த்துவைத்தேன். நேற்று நீங்கள் அவற்றின் மேல்தான் உங்கள் தொப்பியை வைத்தீர்கள். ஸ்டாண்டு விழாமல் இத்தனை நாள் நின்றது அந்த இரண்டு பிளேட்டால்தான். யோசித்துப் பார்த்தால், அதுவரை மாப்பிள்ளையைக் காப்பாற்றி வந்ததும் என் ஏற்பாடுதான். அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

பிறகு ஸ்டாண்டைப் பளபளவென்று துடைத்தேன். அது அசையாமல் துடைப்பதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். படியில் அவர் எதிரே வந்தார். "என்ன மாமா, நீங்க எதுக்கு இதெல்லாம் பண்ணிக்கிட்டு" என்று என் கையிலிருந்த துணியைப் பார்த்துச் சொன்னார். உண்மையான அக்கறையோடு சொன்னார். நான் கீழே போய்ப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

அவர் வழக்கப்படி பெஞ்சில் மல்லாந்தபடியே கையைப் பின்னால் நீட்டி ஒரு பிளேட்டை இழுத்திருக்க வேண்டும். சத்தம் கேட்டது. குளியலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததால் மகளுக்குக் கேட்கவில்லை. நான் எழுந்து போனேன். அவசரம் என்று படியில் ஓடக் கூடாது, அப்படித்தான் ஒரு விபத்து இரண்டாகிறது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன்.

கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார். கம்பம் குறுக்காகக் கழுத்தின் மேல் கிடந்தது, அதன் மேல் பிளேட்டுகள். பேச வரவில்லை. நான் பக்கத்தில் குனிந்து, "இப்பப் புரியுதா மாப்பிள்ளை" என்று கேட்டேன். புரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அவர் அதற்குப் பிறகு கண்ணை மூடவில்லை, நான்தான் மூடிவிட்டேன். அப்புறம் மகளைக் கூப்பிட்டேன்.

நான் அவரைத் தள்ளவில்லை, அடிக்கவில்லை. ஒரு வீடு பாதுகாப்பாக மாறுவதற்கு என்ன விலையோ அதைக் கொடுக்க வைத்தேன். விலை கொஞ்சம் அதிகமாகிவிட்டது. ஒரு தோள்பட்டையோடு போகும் என்றுதான் முதலில் கணக்குப் போட்டிருந்தேன். அவர் மேல் எனக்குப் பிரியம் உண்டு சார். இல்லாவிட்டால் மூன்று தடவை சொல்வேனா? நீங்கள் இதற்கு என்ன பெயர் வைத்து எழுதினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. எதிர்பாராதது என்று மட்டும் எழுதாதீர்கள்.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டினால் போட்டுவிட்டுக் கிளம்புவேன். வீட்டில் மகள் தனியாக இருக்கிறாள். துக்கம் கேட்டு ஃபோன் வந்துகொண்டே இருக்கிறது, காதில் வைத்தபடியே மாடிக்கும் கீழுக்கும் நடக்கிறாள், ஈரக்காலோடு, கைப்பிடியைப் பிடிக்காமல். நேற்றுக்கூடச் சொன்னேன். அதோடு இரண்டு தடவை ஆகிவிட்டது.