மட்டம் என்று சொன்னவர்கள் வைத்த தட்டு

பள்ளிப் படிப்போடு நின்ற நான் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். விழுப்புரத்தில் ஏறிய பஸ்ஸில், முன் சீட்டில் மீன் விற்கும் அம்மா ஒருவர் தன் அக்காவிடம் சொல்லிக்கொண்டு வந்தார்.

“திண்டிவனத்துலேர்ந்து பொண்ணு கேட்டு வந்தவங்க, பூவும் பழமுமா தட்டு வச்சு, கை நனைச்சுட்டுப் போயி, மீன்காரி வூடு மட்டம்னு பேசிக்கினு இருக்காங்கக்கா.”

“கை நனைச்சா சம்மதம்னுதானே அர்த்தம்? ஒரு வார்த்தைக்கா பேஜாரு பண்றே? பையன் கவர்மெண்ட் வேலைடி.”

“மீன் கொழம்ப ரெண்டு தபா ஊத்திக்கினப்ப மட்டம்னு தெரியலியா? கெட்டுப்போன மீனத்தான் நான் மட்டம்னு தள்ளி வைப்பேன். எம்பொண்ணயா தள்ளுவாங்க?”

“அவ என்ன சொல்றா?”

“தட்ட நீ திருப்பிக் குடுக்கிறியா, நான் போயி குடுக்கட்டுமான்னு கேக்குறா.”



மறுநாளும் அதே பஸ்ஸில் அந்த அம்மா வந்தார். மடியில் தட்டு, காலடியில் மீன் கூடை. திண்டிவனத்தில் இரண்டையும் தூக்கிக்கொண்டு இறங்கினார்.