நூற்றைம்பது அடிக் கரையும் இருபத்திரண்டு வால்நட் மரங்களும்

பெயர்: சிரிலோ பர்ராசா. தகப்பனார்: காலஞ்சென்ற எபிஃபானியோ பர்ராசா. வயது: 63. தொழில்: நீரேற்று நிலையத்தில் பம்பு ஓட்டுபவர், தற்போது பணி இடைநீக்கத்தில். விலாசம்: 4418, ஆற்றோரச் சாலை, சாக்ரமென்டோ ஆற்றின் மேற்குக் கரை, கலிபோர்னியா. பதிவு செய்த நாள்: 26 ஏப்ரல் 2018, வியாழக்கிழமை, காலை 9.40. இடம்: ஷெரிஃப் அலுவலகம். பதிவு செய்தவர்: துணை ஷெரிஃப் ஆல்வெஸ்.

நான் மேற்படி விலாசத்தில் என் மனைவி ஒஃபீலியாவுடன் வசித்து வருகிறேன். முப்பத்தோரு வருடமாக நீர்ப்பாசனச் சங்கத்தில் வேலை. ஆற்றுத் தண்ணீரை ஏற்றி ஒன்பதாயிரம் ஏக்கர் நெல்லுக்கு அனுப்பும் நிலையம் என் பொறுப்பில் இருந்தது. என்மேல் இதற்கு முன் எந்த வழக்கும் இல்லை. வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்று துணை ஷெரிஃப் எடுத்துச் சொன்னார். செய்ததைச் செய்தேன் என்று சொல்ல எனக்கு இன்னொருவர் வாய் தேவையில்லை என்று பதில் சொன்னேன்.

சங்கத் தலைவர் வென்டல் ஹக்கபி கொடுத்த புகார் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. சங்கத்துக்குச் சொந்தமான இரும்பு வடம் மூன்று சுருளைக் கேட்காமல் எடுத்தேன் என்றும், அனுமதியில்லாமல் ஆற்றில் மரங்களைக் கட்டினேன் என்றும், அதனால் நிலையத்தை ஆபத்தில் தள்ளினேன் என்றும் அதில் கண்டிருக்கிறது. முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது பொய். அது எப்படிப் பொய் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

ஆறு வருடத்துக்கு முன் எங்கள் நிலையத்துக்கு வடக்கே இருந்த பழைய பிளம் தோப்பை ஆற்றங்கரைக் காடாக மாற்ற மீன், வனவிலங்குத் துறையினர் முடிவு செய்தார்கள். ஆறு தன் இஷ்டத்துக்கு வளைய வேண்டும் என்று சொல்லி அங்கே கரையில் கிடந்த பாறாங்கல்லையெல்லாம் எடுத்தார்கள். கூட்டத்தில் எழுந்து நின்று கத்தினவன் நான். குருவிக்காகக் கொடி பிடிக்கிற ஆள் நான் இல்லை என்பதை துணை ஷெரிஃப் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் பிறகு இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அதன்படி காட்டுப் பக்கம் கல் போடக்கூடாது. நிலையத்தை ஒட்டிய நூற்றைம்பது அடிக் கரையில் மட்டும் நாங்கள் கல் போட்டுக்கொள்ளலாம். அதையும் செப்டம்பர் முதல் தேதிக்கும் பிப்ரவரி கடைசிக்கும் நடுவில்தான் போட வேண்டும். காரணம், மார்ச்சில் தகைவிலான் குருவிகள் தெற்கேயிருந்து வந்து செங்குத்தான மண்கரையில் பொந்து குடைந்து குஞ்சு பொரிக்கும். ஒப்பந்தம் நியாயமானது. அதில் வென்டல் ஹக்கபியின் கையெழுத்தும் இருக்கிறது.

போன ஆகஸ்டிலேயே கல் வந்து எங்கள் களத்தில் குவிந்துவிட்டது. செப்டம்பரில் போடலாம் என்றேன். நெல் அறுப்பு, லாரி கிடையாது என்றார்கள். அக்டோபர் கடைசியில் அறுப்பு முடிந்து லாரிகள் சும்மா நின்றன. அதற்குள் வாத்து வேட்டைக் காலம் தொடங்கிவிட்டது. சங்கத்தின் ஐந்து இயக்குநர்களுக்கும் எங்கள் நிலையத்தைச் சுற்றித்தான் வேட்டைக் குளம் இருக்கிறது. லாரிச் சத்தத்துக்கு வாத்து இறங்காது, வேட்டை முடியட்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஜனவரி கடைசியில் வேட்டை முடிந்தது. பிப்ரவரியில் வெள்ளம் வந்து கரைக்கே போக முடியவில்லை. ஐந்து பேர் வாத்து சுடுவதற்காக ஒன்பதாயிரம் ஏக்கரின் தண்ணீரைப் பணயம் வைத்தார்கள். இதை எழுத வேண்டுமா என்று துணை ஷெரிஃப் கேட்டார். எழுதச் சொன்னேன்.

நிலையத்தின் வடகிழக்கு மூலையில் நான் அடித்த இரும்பு முளை ஒன்று உண்டு. ஒவ்வொரு ஞாயிறும் அதிலிருந்து கரை விளிம்பு வரை நாடா பிடித்து அளப்பது என் வழக்கம். நவம்பரில் எழுபது அடி இருந்தது. ஏப்ரல் 8-ஆம் தேதி நாற்பத்து நான்கு அடி, 15-ஆம் தேதி நாற்பத்தொரு அடி. அப்படியே போனால் ஜூலையில் ஆறு நிலையத்தின் முதுகுப்பக்கம் புகுந்துவிடும், குழாய் முறியும், விதைத்த நெல் வளர்ந்து நிற்கும்போது தண்ணீர் இருக்காது. ஆறு புதிதாக அறுத்த அந்த நூற்றைம்பது அடிக் கரைதான் குருவிகளுக்கும் பிடித்துப்போயிற்று. போன வருடம் வரை அங்கே ஒரு பொந்தும் கிடையாது. இந்த மார்ச்சில் முந்நூறுக்கு மேல் வந்துவிட்டது.

அதன் பிறகு ஏப்ரல் 13-ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி சுமாருக்கு வென்டல் ஹக்கபி தன் பிக்கப் வண்டியில் நிலையத்துக்கு வந்தார். வண்டியை விட்டு இறங்கவில்லை. சன்னல் கண்ணாடியை மட்டும் இறக்கினார். நடந்த பேச்சை அப்படியே சொல்கிறேன்.

"சிரிலோ, திங்கக்கிழமை அந்தக் குருவி கணக்கெடுக்கிற பொண்ணு படகுல வந்து பொந்து எண்ணப்போறா. ஞாயித்துக்கிழமையே கல்லைக் கொட்டி முடிச்சிடு."

"பொந்துக்குள்ள குருவி இருக்குதுங்க. முட்டை விட்டிருக்கும்."

"இருந்துச்சுன்னு யாரு சொல்லப்போறா? கரை தானா சரிஞ்சுது, அவசரத்துக்குக் கல்லு போட்டோம். அவ்வளவுதான். உனக்கு என்ன புதுசா? போன தடவை நீதானே பண்ணின."

"இந்தத் தடவை முடியாதுங்க."

"முடியலைன்னா சாவியை வெச்சிட்டு வீட்டுக்குப் போ. கல்லு அள்ளுற லோடரை ஓட்ட வேற ஆளா இல்ல?"

"சாவியைத் திங்கக்கிழமை தர்றேன்," என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போனார். நான் சொன்னதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பார். அது என் குற்றமில்லை. இப்போது அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்கிறார். நடந்தது.

அதன் பிறகு சனிக்கிழமை காலை பக்கத்துத் தோட்டக்காரர் கர்னைல் சிங் புரேவாலைப் போய்ப் பார்த்தேன். அவர் பிப்ரவரியில் காய்ப்பு ஓய்ந்த வால்நட் மரங்களை வேரோடு பிடுங்கி, எரிப்பதற்காக ஆற்றோரம் குவித்து வைத்திருந்தார். வேர்த்தூரோடு இருக்கிற மரத்தை வடத்தில் கோத்துக் கரையின் அடிவாரத்தில் தண்ணீரில் படுக்கப் போட்டால், வேர் நீரோட்டத்தை உடைக்கும், வேகம் குறையும், மண் படியும். கல் மலிவாக வருவதற்கு முன்னால் இந்தப் பள்ளத்தாக்கில் எல்லோரும் செய்த வேலை இது. கரையின் அடிதான் அரிக்கிறது. பொந்துகள் மேலே, ஆள் உயரத்துக்கு மேல் இருக்கின்றன. அடியைக் காத்தால் போதும், முகத்தை மூட வேண்டியதில்லை. இவ்வளவுதான் விஷயம்.

"விறகு கேக்க வந்தியா, வம்பு கேக்க வந்தியா?" என்றார் கர்னைல் சிங்.

"வேரோட இருபத்திரண்டு மரம் வேணும். உன் டிராக்டரும் வடம் இழுக்கிற வின்ச்சும் நாளைக்கு ஒரு நாள் வேணும்."

"மரத்தை எடுத்துக்கோ. எனக்குக் காய்க்காதது உனக்காவது ஆகட்டும். ஆனா டிராக்டரை விட்டு நான் இறங்க மாட்டேன்யா, எனக்கு நீச்சல் தெரியாது."

"எனக்கும் தெரியாது."

"முப்பது வருஷமா ஆத்துல வேலை பாக்கிறே. வெளியில சொல்லிக்காதே."

கர்னைல் சிங்கிடம் சங்கத்தின் அனுமதி இருப்பதாக நான் சொன்னேன். அவர் நம்பினார். ஆகவே அவர்மேல் வழக்குப் போட இடமில்லை. அவர் இதைப் படித்தால் என்னைத் திட்டுவார், திட்டட்டும்.

ஏப்ரல் 15-ஆம் தேதி ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தோம். கரைக்கு மேலே இயந்திரத்தைக் கொண்டுபோகவில்லை, போனால் பாரத்துக்குப் பொந்து இடியும். வடக்கே மணல் திட்டில் மரங்களை ஒவ்வொன்றாக இறக்கி, வின்ச்சில் பிடித்தபடி தண்ணீரில் மிதக்கவிட்டு, கரையோரமாக இறக்கிக்கொண்டு வந்தோம். நான் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மார்பளவுத் தண்ணீரில் நின்று, சங்கக் களத்திலிருந்து எடுத்து வந்த வடத்தை முடிந்தேன், அதன் முனைகளைக் கரையோரம் மண்ணுக்குள் புதைத்த இரும்பு முளைகளில் பிணைத்தேன். தண்ணீர் பனிமலையிலிருந்து வருவது, பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியவில்லை. ஏறி வெயிலில் நின்றுவிட்டு மறுபடி இறங்கினேன். மதியம் கர்னைல் சிங்கின் மனைவி கொடுத்தனுப்பிய ரொட்டியை ஒஃபீலியாவின் அவரைக் குழம்போடு சாப்பிட்டோம். குருவிகள் முதலில் கிளம்பிச் சுற்றின, பிறகு எங்களைப் பொருட்படுத்தவில்லை. மாலை ஐந்தரைக்கு வேலை முடிந்தது.

அதன் பிறகு திங்கள் காலை ஒன்பது மணிக்குக் குருவி கணக்கெடுக்கும் மை வாங் என்ற பெண் படகில் வந்தார். அவர் மீன், வனவிலங்குத் துறைக்காக ஐந்து வருடமாக வருகிறவர். என்னைத் தூண்டிவிட்டது அவர்தான் என்று புகாரில் இருக்கிறது. அவருக்கு ஒன்றும் தெரியாது. வந்ததும் படகை நிறுத்திவிட்டு வெகுநேரம் மரங்களையே பார்த்தார்.

"இது யார் வேலை, அங்கிள்?"

"என் வேலைதான்."

"அனுமதி வாங்கினீங்களா?"

"இல்லம்மா."

அவர் பொந்துகளை இரண்டு முறை எண்ணினார். முந்நூற்றுப் பன்னிரண்டு. அதன் பிறகு, "இதை நான் எழுதித்தான் ஆகணும் அங்கிள்," என்றார். அவர் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. "எழுதும்மா. பொந்து எத்தனைன்னும் சேர்த்து எழுது," என்றேன். அவர் எழுதியதில் ஒரு எழுத்தும் தப்பில்லை. அவர் வேலைக்கு ஏதாவது வந்தால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். சாவியைச் சொன்னபடி திங்கட்கிழமையே கொடுத்துவிட்டேன். 23-ஆம் தேதி புது ஆளை வைத்துப் பம்பை ஓட்டினார்கள். இன்றும் ஓடுகிறது. நேற்று மாலை நான் சாலையோர வேலிக்கு வெளியே நின்றுகொண்டு, கர்னைல் சிங்கை முளையிலிருந்து நாடா பிடித்து அளந்து பார்க்கச் சொன்னேன். நாற்பது அடி எட்டு அங்குலம். முன்பு ஒரு வாரத்தில் மூன்றடி போன கரை, பத்து நாளில் நான்கு அங்குலம் போயிருக்கிறது. நிலையத்தை நான் ஆபத்தில் தள்ளினேன் என்பவர் நாடாவோடு வந்து பேசட்டும்.

வடத்தைப் பிடித்திருக்கும் இரும்பு முளைகளை எந்தெந்த இடத்தில் புதைத்தாய் என்று துணை ஷெரிஃப் கேட்டார். சங்கம் அவற்றை உடனே பிடுங்கிவிட்டுக் கல்லைக் கொட்ட ஆயத்தமாக இருப்பது எனக்குத் தெரியும். ஆகவே பதில் சொல்ல மறுத்தேன். இரண்டாம் முறை கேட்டார், மறுத்தேன். மூன்றாம் முறை, சொல்லாவிட்டால் அது தனிக் குற்றமாகும் என்றார். அதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். ஆகஸ்டு முதல் வாரத்தில் கடைசிக் குஞ்சும் பறந்துவிடும். அன்று நானே மண்வெட்டியோடு வந்து தோண்டித் தருகிறேன். செப்டம்பரில் ஒப்பந்தப்படி கல் போடுங்கள், நானே கூலியில்லாமல் லோடர் ஓட்டுகிறேன். அப்போது நான் ஜெயிலில் இருந்தால் ஒரு நாளைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்கப்பட்டது. இருக்கிறது. "போன தடவை" என்று வென்டல் ஹக்கபி சொன்னது பொய்யில்லை. 2003-ஆம் வருடம் மே 14-ஆம் தேதி, நிலையத்துக்குத் தெற்கே, அப்போதைய தலைவர் சொல்லி, நான் லோடர் ஓட்டி எண்பது அடிக் கரையைக் கல்லால் மூடினேன். அங்கே பொந்துகள் இருந்தன. எத்தனை என்று யாரும் எண்ணவில்லை. அன்று மாலை முழுவதும் தாய்க்குருவிகள் வாயில் பூச்சியோடு வந்து கல்லின்மேல் உட்கார்ந்து உட்கார்ந்து போயின. கல் இடுக்குகளிலிருந்து சத்தம் கேட்டது. மறுநாளும் கேட்டது. நான் உள்ளே போய் மூன்று பம்புகளையும் ஓட்டிவிட்டேன். அவை ஓடினால் வேறு எதுவும் காதில் விழாது. மூன்றாம் நாள் நிறுத்திப் பார்த்தேன், சத்தம் இல்லை. குஞ்சுகளை நான் கொன்றேன்.

அந்த வருட விருந்தில் சங்கம் எனக்கு ஒரு பெல்ட் கொக்கி பரிசளித்தது. வெள்ளி முலாம், நடுவில் பம்பு படம், சுற்றிலும் "ஆற்றை நிறுத்தியவன்" என்று பொறித்திருக்கிறது. பதினைந்து வருடமாக அதைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். இன்று இங்கே வரும்போதும் போட்டிருந்தேன். அதைப் பெல்ட்டோடு கழற்றி மேசைமேல் வைத்துச் சான்றுப் பொருளாகச் சேர்க்கக் கேட்டுக்கொண்டேன். அந்தச் சம்பவத்துக்குச் சட்டப்படி காலக்கெடு எப்போதோ முடிந்துவிட்டது, யாரும் புகார் கொடுக்கவும் இல்லை என்று துணை ஷெரிஃப் சொன்னார். புகார் கொடுப்பவன் நான் என்றேன். மரம் கட்டினவனை உட்காரவைத்து எழுதுகிறீர்கள், கல் கொட்டினவனுக்கு விருந்து வைத்தார்கள், இரண்டும் ஒரே ஆள், இரண்டையும் ஒரே காகிதத்தில் எழுதுங்கள் என்றேன். அவர் எழுதினார்.

இந்த வாக்குமூலம் முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. இதில் உள்ளவை நான் சொன்னவையே, யாரும் என்னை மிரட்டவோ ஆசை காட்டவோ இல்லை. ஒரே ஓர் இடத்தில் திருத்தச் சொன்னேன். 2003 சம்பவத்தில் "குஞ்சுகள் இறந்துவிட்டன" என்று எழுதப்பட்டிருந்ததை அடித்துவிட்டு "குஞ்சுகளை நான் கொன்றேன்" என்று மாற்றி, பக்கத்தில் சிறு கையொப்பம் இட்டிருக்கிறேன். பெல்ட் இல்லாததால் இடது கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) சிரிலோ பர்ராசா

என் முன்னிலையில்: துணை ஷெரிஃப் ஆல்வெஸ். சான்றுப் பொருள் 1: கொக்கியுடன் கூடிய தோல் பெல்ட், ஒன்று.