கொட்டகையை விட்டு இறங்காத டிராக்டர்

காத்தாயி: கால நல்லா நீட்டி உக்காருங்க. பெஞ்சு காலியாத்தானே கெடக்கு.

உத்திராபதி: எந்தக் கால?

காத்தாயி: ...இருக்கற கால.

உத்திராபதி: அப்படி வெவரமா சொல்லு. நான் பாட்டுக்கு இல்லாதத நீட்டிடப் போறேன்.

காத்தாயி: வாய்க்கு மட்டும் ஒண்ணும் ஆகல.

உத்திராபதி: டிராக்டர் அது மேல ஏறலயே புள்ள.

குமாஸ்தா: அங்க என்ன சத்தம்? கட்சிக்காரங்கல்லாம் வரிசையா உக்காருங்க.

உத்திராபதி: நான் எந்தக் கட்சியும் இல்லீங்க. விவசாயச் சங்கம்தான்.

குமாஸ்தா: ஐயா, கேசு குடுக்க வந்தவங்களுக்கே கட்சிக்காரங்கன்னுதான் பேரு. உள்ள வக்கீலுகிட்ட ஆள் இருக்கு. கூப்புடறப்ப வாங்க.

காத்தாயி: மானத்த வாங்காதீங்க.

உத்திராபதி: எனக்கென்ன தெரியும்? ஆமா, உள்ள போனவன் யாரு? நாம வந்ததுலேருந்து பேசிக்கிட்டே இருக்கான். வா, போயிடலாம்.

காத்தாயி: அவங்கவங்க கஷ்டம் அவங்கவங்களுக்கு. உக்காருங்க.

உத்திராபதி: ரெண்டு வக்கீலப் பாத்தாச்சு. திருத்துறைப்பூண்டி வக்கீலு, அந்த டிராக்டர் வச்சிருக்கற பண்ணையார் வீட்டு ஆளு. மன்னார்குடி வக்கீலு, வர்றதுல பாதிய இப்பவே எழுதிக் குடுங்கறாரு.

காத்தாயி: அதனாலதானே நாகப்பட்டினம் வந்திருக்கோம். இந்த அப்துல் ஹமீது வக்கீலு, வண்டியில அடிபட்டவங்க கேசாத்தான் பாக்கறாராம். கால் போனவங்க, கை போனவங்க...

உத்திராபதி: முழுசா ஒரு ஆளு கூட வர மாட்டானா இவருகிட்ட?

காத்தாயி: சிரிக்க வைக்காதீங்க. குமாஸ்தா பாக்குறாரு.

உத்திராபதி: பண்ணையார எதுத்துக் கேசு போட்டா குடிசையப் பிரிச்சு எறிஞ்சிடுவாரு.

காத்தாயி: அதெல்லாம் அப்ப. இப்ப மனைக்கட்டு நம்ம பேருல இருக்கு. சர்க்காரு பட்டா குடுத்திருக்கு. ஒரு கீத்தத் தொடச் சொல்லுங்க பாப்போம்.

உத்திராபதி: பயமே இல்ல ஒனக்கு.

காத்தாயி: இருக்கு. தூக்கத்துல நீங்க இல்லாத கால சொறியறப்பல்லாம் பயமா இருக்கு.

உத்திராபதி: ...முழிச்சிருக்கியா நீ?

காத்தாயி: நானுந்தானே கூடச் சேந்து சொறிஞ்சு விடறேன். போர்வைய. சரி விடுங்க. வக்கீலு ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாராம். வண்டிய யாரு ஓட்டுனான்னு.

உத்திராபதி: அதான் சொன்னேனே. யாரோ வெளியூர்க்காரன்.

காத்தாயி: டிராக்டர் அன்னைக்குக் கொட்டகைய விட்டே எறங்கலங்கறாரு பண்ணையாரு. நீங்க வைக்கப்போருலேருந்து விழுந்து கால ஒடிச்சுக்கிட்டீங்களாம். ஓட்டுனவன் வந்து நெசத்தச் சொன்னாத்தான் கேசு நிக்கும்.

உத்திராபதி: நிக்காட்டி போவுது. நானே ஒத்தக் கால்லதான் நிக்கிறேன்.

காத்தாயி: வெளையாடாதீங்க. வக்கீலு கேக்குறாருன்னு நெனச்சு எங்கிட்ட ஒருதரம் சொல்லுங்க.

உத்திராபதி: களத்துல நெல்லு மூட்ட ஏத்தணும். நான் பின்னால நின்னு, வா வான்னு கை காட்டுறேன். சேறு வழுக்கி விழுந்துட்டேன். சக்கரம் ஏறிடுச்சு. அத்தான்னு கத்துனான். அதோட மயக்கம்...

காத்தாயி: என்னன்னு கத்துனான்?

உத்திராபதி: ...ஐயோன்னு.

காத்தாயி: அத்தான்னு சொன்னீங்க.

உத்திராபதி: காதுல என்னமோ விழுந்துச்சு.

காத்தாயி: வெளியூர்க்காரன் ஒங்கள எதுக்கு அத்தாங்கறான்?

உத்திராபதி: மரியாத தெரிஞ்ச பய போல.

காத்தாயி: ம்... எந்தம்பி எங்கங்க?

உத்திராபதி: பஞ்சநாதனா? அவன்தான் திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டானே.

காத்தாயி: நீங்க ஆஸ்பத்திரியில கெடக்கறப்பவா? டிராக்டர் லைசென்ச ஊரு பூரா காட்டிக்கிட்டுத் திரிஞ்சவன், பனியன் தைக்கப் போயிட்டானாக்கும்?

உத்திராபதி: காத்தாயி... விட்டுடேன். ஒங்கம்மா சாகறப்ப அந்தப் பய கையப் புடிச்சு எங்கையிலதான் வச்சாங்க. தையில அவனுக்குக் கல்யாணம். போலீசு, ஜெயிலுன்னு அலையணுமா? எனக்குப் போனது போனதுதான்.

காத்தாயி: தெரியும்.

உத்திராபதி: என்ன தெரியும்?

காத்தாயி: 'ஓடிடு மாப்ள, ஒங்கக்காகிட்ட சொல்லாத'ன்னு மயக்கத்துல பெனாத்திக்கிட்டே இருந்தீங்க. தலமாட்டுல உக்காந்திருந்ததே நாந்தான்.

உத்திராபதி: அடிப்பாவி! இத்தன நாளா...

காத்தாயி: நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தேன்.

உத்திராபதி: கோவமா?

காத்தாயி: கோவந்தான். எந்தம்பியக் காப்பாத்த எங்கிட்டயே பொய் சொன்ன மனுசன வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? அடிக்கவா, கும்புடவா?

உத்திராபதி: அவன் பேர என் வாயால சொல்ல மாட்டேன் புள்ள. வக்கீலு கேட்டாலும் சரி, ஜட்ஜு கேட்டாலும் சரி.

காத்தாயி: நீங்க சொல்ல வேணாம்.

உத்திராபதி: அப்பறம் கேசு எப்படி நிக்கும்?

காத்தாயி: இந்த வக்கீல யாரு தேடிப் புடிச்சான்னு நெனைக்கிறீங்க?

உத்திராபதி: மீன்காரம்மா சொன்னாங்கன்னியே.

காத்தாயி: பொய்ய நீங்க மட்டுந்தான் சொல்லணுமா?

உத்திராபதி: என்ன புள்ள பேசுற... இரு, கதவு தெறக்குது. அப்பாடா, உள்ள இருந்தவன் ஒருவழியா... ஏ புள்ள... அது யாரு?

பஞ்சநாதன்: அத்தான்... நாந்தான் ஓட்டுனேன்னு எல்லாத்தையும் சொல்லிட்டேன். வக்கீலு ஒங்களக் கூப்புடறாரு. மெதுவா... எந்தோளப் புடிச்சுக்கிட்டு வாங்க.