ஆடாத டிஸ்க்கும் ஆடிய வண்டியும்: டயல் அக்காவுக்குப் பணிமனையார் வாசித்தளிக்கும் மடல்

வட்டத் தகட்டின் வளைவை விரல் நுனியால் உணர்ந்து சொன்ன வல்லவரே! அளந்து பாராத எதையும் ஆமென்று சொல்லாத அறிவுடையவரே! இரும்பு சீவும் இரைச்சலுக்கு நடுவிலும் இன்முகம் மாறாத இனியவரே! முப்பத்தொரு ஆண்டுகள் இப்பணிமனையின் தூணாய் நின்று, இன்று பணி நிறைவு காணும் எங்கள் அன்புக்குரிய டயல் அக்கா அவர்களே! வணங்கி வாழ்த்தி, உங்களோடு பணியாற்றிய அனைவரும் கூடி அளிக்கும் மடல் இது.

இப்படித் தொடங்குவது எளிதாகத்தான் இருந்தது. அடுத்த வரிக்கு வந்ததும், மடலை எழுத ஒப்புக்கொண்ட எங்கள் போர்மேனுக்குப் பேனா நகரவில்லை. மூன்று தாள்களைக் கசக்கி எறிந்தார். பிறகு எங்களையெல்லாம் கூட்டி வைத்து, தான் இத்தனை நாள் மறைத்ததைச் சொன்னார். கேட்ட எங்களுக்கும் தலை குனிந்துவிட்டது. ஆகவே இம்மடலில் பாராட்டும் உண்டு. பாராட்டைவிட முன்னதாகச் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றும் உண்டு. பொறுத்துக் கேளுங்கள் அக்கா.

பிரேக் பிடித்தால் உதறுகிறது என்று வந்த வண்டிகளுக்கெல்லாம் நாடி பிடித்தவர் நீங்கள்! ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி, மடியில் கையைக் கோத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வருவீர்கள். இறங்கும்போதே தீர்ப்பு வந்துவிடும். "ஸ்டீரிங் ஆடினா முன்னாடி. சீட்டு ஆடினா பின்னாடி. இதுக்கு எதுக்கு இத்தன பேரு கூடி நிக்கறீங்க? போய் வேலையப் பாருங்கப்பா!" சந்தேகம் இருந்தால், மெதுவாகப் போகும்போது கை பிரேக்கை மட்டும் இழுத்துப் பார்க்கச் சொல்வீர்கள். அது பின் சக்கரங்களை மட்டும்தானே பிடிக்கும். அப்போது உதறல் இல்லையென்றால் குற்றம் முன்னால். சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிஸ்க்கை லேத்தில் ஏற்றிக் கடைந்த பிறகு, நெளிவை முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்துச் சுற்றிப் பார்க்காமல் ஒன்றையும் கையைவிட்டு அனுப்பியதில்லை. முள் துளி அசைந்தாலும் மறுபடி லேத்தில் ஏறும். சாப்பாட்டு மணி அடித்தாலும் நீங்கள் நகர மாட்டீர்கள். அதனால்தான் டயல் அக்கா என்று பெயர் வைத்தோம். உங்களுக்கு நாங்கள் உருப்படியாய்ச் செய்த ஒரே காரியம் அதுதான்.

இனி அந்தப் பழைய வெள்ளை பிக்கப்புக்கு வருவோம். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அதை ஓட்டி வந்தவர், இறங்கும்போதே இரண்டு கையையும் உதறிக் காட்டினார். "அறுபதுல போய் பிரேக்கத் தொட்டா, ஸ்டீரிங் என் கையப் பிடிச்சு ஆட்டுதுங்க. பல்லெல்லாம் கிடுகிடுங்குது." பால் ஜாயிண்ட், பேரிங் எல்லாவற்றையும் அசைத்துப் பார்த்தீர்கள், கெட்டியாக இருந்தன. முன் டிஸ்க் இரண்டும் நெளிந்திருப்பதைக் கண்டுபிடித்தீர்கள். கடைந்து, முள் அசையவில்லை என்று தெரிந்த பிறகே கொடுத்தீர்கள். மாட்டியவர், அன்று பிட்டராக இருந்த எங்கள் போர்மேன். வண்டி பூப்போல நின்றது. ஒன்றரை மாதத்தில் மறுபடி உதறிக்கொண்டு வந்தது. நீங்கள் கடைந்தீர்கள், அவர் மாட்டினார், மறுபடியும் வந்தது. மூன்றாம் முறை மேலாளர் எல்லாரையும் கூப்பிட்டு விசாரித்தார்.

நீங்கள் சொன்னது இவ்வளவுதான்: "டிஸ்க்குல குத்தமில்ல சார். நட்ட எப்படி முடுக்கறாங்கன்னு பாருங்க." நாங்கள் சிரித்தோம். ஐயோ, எப்படிச் சிரித்தோம்! "இத்தன வருஷமா நட்டு முடுக்கத் தெரியாமயா இங்க சோறு தின்னோம்?" என்று கேட்டவர் எங்கள் போர்மேன். அத்தனை பேரும் அவர் பக்கம். அக்காவுக்குக் கண் மங்கிவிட்டது என்று யாரோ கிளப்பிவிட, அது மேலாளர் காதுக்கும் போனது. மறுவாரமே உங்களை லேத்திலிருந்து எடுத்து உதிரிபாக அறைக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து ஒரு சிறு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, "எத்தன வேணும்? எந்த சைஸு?" என்று கேட்டுக் கேட்டு எடுத்துக் கொடுத்தீர்கள். நாங்களும் வாங்கிக்கொண்டு போனோம். எங்களில் ஒருவருக்கும் கூசவில்லை.

உண்மை என்ன? சக்கரத்தையும் டிஸ்க்கையும் சேர்த்துப் பிடிக்கும் நட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக, எல்லாவற்றையும் ஒரே முறுக்கில் இறுக்க வேண்டும். முறுக்கை அளந்து இறுக்குவதற்கென்றே டார்க் ரெஞ்ச் ஒன்று எங்களிடம் இருந்தது. கெட்டுப்போய்விடக் கூடாது என்று அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, மேலிடத்தார் பார்வையிட வரும் நாளில் மட்டும் துடைத்து மேசைமேல் வைப்போம்! மற்ற நாளெல்லாம் காற்றழுத்தத்தில் முடுக்கும் ஏர் கன்னை வைத்து டர்ரென்று வரிசையாக ஒரு சுற்று, முடிந்தது வேலை. ஒரு நட்டு உயிர் போகிற இறுக்கம், அடுத்தது ஏனோதானோ. நீங்கள் நேராக்கிய டிஸ்க்கை நாங்கள் முடுக்கியே நெளித்தோம்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் கம்ப்ரசர் பழுதாகி, ஒரு வாரம் ஏர் கன் ஓடவில்லை. வேறு வழியில்லாமல் அலமாரியைத் திறந்து, டார்க் ரெஞ்சால் கையாலேயே இறுக்கினோம். அந்த வாரம் பதினோரு வண்டிகள். உங்களை லேத்திலிருந்து எடுத்த பிறகு வெளியே கொடுத்துக் கடைந்தும் உதறலை விடாத அந்த வெள்ளை பிக்கப்பும் அதில் ஒன்று. ஒரு வண்டியும் திரும்பி வரவில்லை. நாங்கள் கவனிக்கவில்லை. எங்கள் போர்மேன் கவனித்தார். புரிந்துவிட்டது. ஆனால் பதவி அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. வாயைத் திறந்தால் அது போய்விடுமோ என்று பயந்தார். இனி எல்லாரும் டார்க் ரெஞ்சால்தான் இறுக்க வேண்டும் என்றார். ஏன் என்று கேட்டதற்குப் புது விதி என்றார். வண்டிகளைச் சரிசெய்துவிட்டு, உங்களை அப்படியே விட்டுவிட்டார். உதிரிபாகம் ஏதாவது வேண்டுமென்றால் ஜன்னலுக்கு வேறு ஆளை அனுப்பினார்.

சென்ற மாதம் உங்கள் ஓய்வு நாளைப் பலகையில் எழுதிய பிறகு அவருக்கு மனசு கேட்கவில்லை. ஜன்னலுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னார். நீங்கள் கையிலிருந்த பேரிங் டப்பாவைக் கீழே வைக்கக்கூட இல்லை. "எங்கிட்ட சொல்லி என்ன தம்பி ஆகப்போகுது? எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே. தெரியாதவங்க இருக்காங்கள்ல, அவங்ககிட்டப் போய்ச் சொல்லு."

ஆதலால் மேலாளர் அவர்களே, கேட்டருள வேண்டுகிறோம். டயல் அக்கா கடைந்த டிஸ்க்கில் என்றுமே குற்றம் இருந்ததில்லை. அவருக்குக் கண்ணும் மங்கவில்லை, கையும் தவறவில்லை. தவறு செய்தவர்கள் நாங்கள். இதை எழுத்திலும் தந்திருக்கிறோம். ஆனாலும் அந்த ஒன்பது ஆண்டுகளை இனி யார் கொண்டுவந்து கொடுப்பது?

முன் வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காவின் அன்பு மகளே! இன்னொரு வார்த்தை உங்களுக்கு. விழாவுக்கு அழைக்க எங்கள் போர்மேன் வீட்டுக்கு வந்தபோது, அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு நீங்கள் சொன்னீர்கள்: "அம்மாவுக்கு முட்டி வலிக்குதுன்னு, உக்காந்து பாக்கற வேலையா நீங்கதான் மாத்திக் குடுத்தீங்களாமே. அம்மா சொல்லியிருக்காங்க. ரொம்ப நன்றி மாமா." அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டார். மகளே, முட்டி வலி எதுவும் இல்லை. நாங்கள் செய்ததை வீட்டில் சொல்ல மனமில்லாமல் உங்கள் அம்மா சொன்ன பொய் அது. அந்த நன்றிக்கு நாங்கள் உரியவர்கள் அல்லர். இந்த மேடையிலேயே அதைத் திருப்பித் தருகிறோம்.

அக்கா அவர்களே! நோய் நொடியின்றி, நெஞ்சில் நெருடலின்றி, மக்கள் சூழ நெடுங்காலம் நிறைவாய் வாழ்க! எங்களை மன்னியுங்கள் என்று கேட்கத்தான் ஆசை. கேட்க வாய் வரவில்லை.

இங்ஙனம்,
உங்களோடு முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றியும்
உங்கள் ஒரு சொல்லை நம்பாத
பணிமனைப் பணியாளர்கள்