கொதிக்காத தண்ணீர்

விமானம் வருகிறது. முதலில் சத்தம் மட்டும். காதுக்குள் வண்டு புகுந்தது போல. பிறகு தெற்கே ஒரு புள்ளி.

"அடுப்ப அணைலே! புகையப் பாத்தா குண்டு போட்டுருவான்!"

கத்துகிறவர் தண்டல், எங்கள் தோணியை ஓட்டுகிறவர். ஒருவன் வாளித் தண்ணீரை அடுப்பில் கொட்டுகிறான். அடுப்பின் மேல் என் பாத்திரம் இருந்தது. மகளுக்குப் பால் கலக்க வைத்த தண்ணீர். இன்னும் கொதிக்கவில்லை.

1942 ஏப்ரல். ஈஸ்டர் ஞாயிறு காலையில் கொழும்பில் குண்டு விழுந்தது. அந்த வாரமே தூத்துக்குடிக்குப் புறப்பட்ட தோணியில் இடம் பிடித்தோம். என் கணவர் வேலையை விட்டு வர முடியாமல் கரையில் நின்றுகொண்டார். நான் புன்னைக்காயல்காரி. மடியில் பிலோமி, இரண்டு மாதக் குழந்தை.

எனக்குப் பிரசவித்த நாளிலிருந்தே பால் போதாது. முதலில் என் பால், மீதிப் பசிக்குப் புட்டி. ஆட்கள் முன்னால் புட்டியை எடுக்கக் கூசும். குண்டுச் சத்தம் கேட்ட பிறகு இருந்த கொஞ்சப் பாலும் நின்றுபோனது.

விமானம் எங்களைக் கடந்து போய்விட்டது. யாருடையது என்று கடைசிவரை தெரியாது. தண்டல் மட்டும் அதற்குப் பிறகு அடுப்புப் பற்றவைக்க விடவில்லை. பெரியவர்கள் அவலை நனைத்துத் தின்றோம். பிலோமிக்கு அவலைக் கொடுக்க முடியுமா?

பக்கத்தில் தங்கம் அக்கா இருந்தாள். சாத்தான்குளத்துக்காரி. அவள் வீட்டுக்காரர் கொழும்பில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். மடியில் ஏழு மாதப் பையன் துரை. நான் புட்டியைச் சேலைக்குள் ஒளிப்பதைப் பார்த்துவிட்டாள்.

"இதுக்கு எதுக்குளா வெக்கம்? பிள்ளைக்குப் பசி அமரணும், அவ்வளவுதான். இங்கன கொண்டா."

பிலோமியை வாங்கித் தன் மார்பில் போட்டுக்கொண்டாள். பிலோமி குடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. மடக், மடக். நான் அழுதேன். அடுத்த பசிக்கு அக்கா பிள்ளையை முதலில் என்னிடமே போட்டாள்.

"வத்திட்டுன்னு விட்டுராத. சப்பச் சப்பத்தான் ஊறும்."

ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். முதலில் என்னிடம், பிறகு அவளிடம். காய்ந்த மார்போடு உட்கார்ந்திருந்த என்னை அவள் ஒரு சொல் சொல்லவில்லை. என் மாமியார் சொல்லியிருக்கிறார், போதும் போதும் என்கிற அளவுக்கு.

இரண்டு பிள்ளைகளுக்கு ஒருத்தியின் பால் பற்றுமா? மறுநாள் துரை பசித்து அழுதான். அக்கா என் பால்மாவு டப்பாவைக் காட்டினாள்.

"இவனுக்கு அதக் கலக்கு. இவன் தாங்குவான். ஒம் பிள்ள தாங்காது."

பீப்பாய்த் தண்ணீர். வாடை அடித்தது. காய்ச்ச வழியில்லை. கலக்கினேன். கலக்கியது என் கை. வேண்டாம் அக்கா என்று என் வாயில் வரவில்லை. என் பிள்ளை வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோஷத்தைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

காற்று விழுந்துவிட்டது. பாய் தொங்குகிறது. தோணி நகரவில்லை. துரைக்கு வயிற்றால் போகிறது. முதலில் பச்சையாக. பிறகு வெறும் தண்ணீர். கண் உள்ளே போய்விட்டது. அக்கா அவனை மார்போடு அணைக்கிறாள். வாய் திறக்க மாட்டேன் என்கிறான். இப்போது அவள் பால் முழுவதும் அவனுக்குத்தான். குடிக்கத்தான் ஆள் இல்லை. பிலோமியை என் மார்பிலேயே சப்பவிட்டேன்.

தூத்துக்குடிக் கரை தெரிந்த காலையில் என் ரவிக்கை நனைந்தது. பால். அவள் சொன்னபடியே ஊறிவிட்டது. துரையை வாங்கி அவன் உதட்டில் பீய்ச்சினேன். கன்னத்தில் வழிந்தது. விழுங்கவில்லை.

"பாத்தியா, ஒனக்கு வந்துட்டு" என்றாள் அக்கா. கரை சேரும் முன் அவன் மூச்சு நின்றது.

அன்று மாலையே அவளுக்கு மார்பு கட்டிக்கொண்டது. காய்ச்சலும் வந்தது.

"பிலோமியக் கொண்டா. வலிக்கி."

கொடுத்தேன். பிலோமி குடித்தாள். அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை.

எங்கள் தோணியில் ஏறியவர்கள் இருபத்தொன்பது பேர். உயிரோடு இறங்கியவர்கள் இருபத்தெட்டு. குண்டுக்கு யாரும் பலியாகவில்லை. பெட்டி படுக்கை எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தன. ஒரு டம்ளர்கூடத் தொலையவில்லை. போனவன் ஒருவன். பெயர் துரை. ஏழு மாதம். கீழ்ப் பல் இரண்டு முளைத்திருந்தது.