ஞாயிற்றுக்கிழமை சைக்கிள்காரர்கள்

— பெஞ்ச எடுக்க மாட்டேன். ஒரு சைக்கிள், ஒரே ஒரு டயரு இந்த லோரோங் சந்துக்குள்ள வரட்டும், அப்புறம் இந்தப் புஷ்பவல்லி யாருன்னு காட்டுறேன். டேய் கன்னையா, மணி அடிக்கிறத நிறுத்துடா!

— ஐயோ அக்கா, நான் சைக்கிள் வாடகைக்கு விடறவன் லா. லோரியில ஏத்திக்கிட்டு வந்து எறக்கி வெச்சா என் வேல முடிஞ்சுது. ஆள் சேக்கிறது, சுத்திக் காட்டுறது எல்லாம் கோமதிதான். அதோ வருது பாருங்க, அதுகிட்ட கேளுங்க.

— வரட்டும், வரட்டும். அந்த மகராணிக்காகத்தான் விடிஞ்சதுலேருந்து இங்க உக்காந்திருக்கேன்.

— என்ன புஷ்பாக்கா இது? சந்து வாசல்ல பெஞ்ச குறுக்கப் போட்டிருக்கீங்க? கோயில் முக்குல எல்லாரும் தொப்பி மாட்டிக்கிட்டு ரெடியா நிக்கிறாங்க. கிள்ளான், ஷா ஆலம்லேருந்தெல்லாம் இன்னைக்கு ஆளு. உங்க வீட்டு ஜன்னல் வளைவ வரையறதுக்குன்னே ரெண்டு காலேஜ் பொண்ணுங்க பென்சிலோட வந்திருக்குக்கா.

— கோயில வரையட்டும். ஸ்டேஷன வரையட்டும். ஒன் மூஞ்சிய வேணா நிக்க வெச்சு வரையட்டும். என் வீட்ட வரைய வேணாம்.

— யாராச்சும் மரியாதை இல்லாம நடந்துக்கிட்டாங்களா? அன்னைக்கு அந்த வெள்ளக்காரர் அடுப்படி வரைக்கும் போயிட்டாரே, அதுவா? நான் அப்பவே அவரக் கண்டிச்சேன்.

— அவன் கெடக்கான். சட்டியில இருந்த கருவாட்டக் கூட "நைஸ் நைஸ்"னு போட்டோ புடிச்சுட்டுப் போனான். நான் கேக்கறது ஒன்ன. எங்க வரிச வீட்ட இடிக்கக் கூடாதுன்னு மேலிடத்துல போயி மனு குடுத்தியா இல்லையா? நேத்து பாசார்ல காய் வாங்கும்போது பக்கத்து வீட்டு வள்ளியம்மா சொல்லித்தான் எனக்கே தெரியுது.

— குடுத்தேன்க்கா! சைக்கிள் ஓட்ட வந்த அத்தன பேரும் கையெழுத்துப் போட்டாங்க. பின்ன என்னக்கா, இந்த மாதிரி பூச்சு வேல, பூப்போட்ட தரைக்கல்லு, காத்து போறதுக்கு வழி விட்ட செவரு, பிரிக்ஃபீல்ட்ஸ்ல இனிமே எங்க இருக்கு? இத இடிச்சுட்டு கார் நிறுத்துற கட்டடம் கட்டப் போறான்க்கா அந்தக் கம்பெனிக்காரன்!

— கட்டட்டும்டி!

— என்னக்கா சொல்றீங்க?

— காது கேக்கலயா? கட்டட்டும். கார நிறுத்தட்டும், ஆனையக் கொண்டாந்து நிறுத்தட்டும், எனக்கென்ன வந்துச்சு? இந்த வரிசைய இடிச்சா வீட்டுக்கு ஒரு ஃபிளாட், செராஸ்ல. கம்பெனி ஆளு எல்லாரையும் கூட்டி வெச்சுச் சொன்னான். இடிச்சாத்தான் ஃபிளாட், இடிக்கலன்னா கெடையாது. நாங்க பஸ் ஏறிப் போயி பாத்துட்டே வந்துட்டோம். லிப்ட் இருக்கு. கொழாயத் தொறந்தா தண்ணி சர்ருன்னு அடிக்குது. செவுத்தத் தொட்டா கையில ஈரம் ஒட்டல. சாமி படத்த எந்தச் செவுத்துல மாட்டணும்னு நான் முடிவே பண்ணிட்டேன். இப்ப என்னடான்னா, சைக்கிள்காரங்க மனு குடுத்துட்டாங்க, வேலய நிறுத்தி வெச்சிருக்குன்னு சொல்றானாம். யாரக் கேட்டுடி குடுத்த?

— உங்களுக்காகத்தான்க்கா…

— எனக்காக! நல்லா இருக்கே கதை. "அம்மா தாயே கோமதி, என்னக் காப்பாத்து"ன்னு பெட்டாலிங் ஜெயாவுல ஒன் வீட்டு கேட்ட வந்து தட்டினேனா?

— அக்கா, கொஞ்சம் மெதுவா லா. கோயில் முக்கு வரைக்கும் கேக்குது.

— கேக்கட்டும் கன்னையா! கையெழுத்துப் போட்ட மகாராசனுங்கதானே அங்க நிக்கிறாங்க, அவங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன். மழ பேஞ்சா எங்க வீட்ல வாளி வெக்க எடம் பத்தாது, தெரியுமா? கட்டில எந்த மூலைக்கு இழுத்தாலும் அங்கயும் சொட்டும். முந்தாநேத்து மழையில எங்க வீட்டு மனுசன் கட்டில் மேல குடைய விரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. வீட்டுக்குள்ளடி, குடை! ஏற்கனவே இழுப்பு. அந்த ஈரத்துல நெஞ்சு கட்டிக்கிட்டு, மூச்சு உள்ளயும் போகாம வெளியயும் வராம, அவரு முழிச்ச முழி இன்னும் என் கண்ணுக்குள்ளயே நிக்குது. காஞ்ச எடத்துக்குக் கொண்டு போங்க, இல்லன்னா ஆளு தாங்க மாட்டாருன்னு டாக்டர் மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டாரு. எனக்கு இருக்கிற காஞ்ச எடம் அந்த ஃபிளாட்டு ஒண்ணுதான்.

— கூரை ஒழுகுதா? உங்க வீட்லயா?

— இல்ல, கம்போங் மேடான்ல ஒழுகுது. பேச வந்துட்டா பேச்சு.

— நக்கல் பண்ணாதீங்கக்கா, நான் நெசமாத்தான் கேக்கறேன். மொதலாளிகிட்ட சொல்லலையா?

— சொல்லாம இருப்பேனா? நீ குடுக்கிற வாடகைக்கு ஓடு வேற மாத்தணுமான்னு கேட்டான். அதோட அந்தாளு மூஞ்சியில முழிக்கிறத விட்டுட்டேன்.

— ஆக்ச்சுவலி எனக்குப் புரியலக்கா. வாராவாரம் வரேன். உங்க நடுவீட்ல நின்னுதான் எல்லாருக்கும் வெளக்கம் சொல்றேன். ஒரு வாளி பாத்ததில்ல. உங்க வீட்டுக்காரரு ரெங்கசாமி அண்ணன் வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு நாக்காலியில ஜம்முனு உக்காந்திருப்பாரு. எனக்கு எப்படித் தெரியும்?

— வாளிய எப்படிப் பாப்ப? வீட்டுக்கு நாலு பேரு வரும்போது அதப் பரப்பி வெக்கிறதுக்கு நான் என்ன மானம் கெட்டவளா? சனிக்கெழமயே எல்லாம் பின்னாடி போயிரும். நனைஞ்ச மெத்த வள்ளியம்மா வீட்டுக்குப் போயிரும். செவுத்துல பூஞ்ச பூத்த எடத்துல முருகர் காலண்டரு, அதுக்குப் பக்கத்துல லட்சுமி காலண்டரு, அதுக்குக் கீழ நகக்கட காலண்டரு. ஒரு வீட்டுக்கு எதுக்குடி இத்தன காலண்டருன்னு ஒரு நாளாச்சும் யோசிச்சியா? அந்த மனுசனுக்கு மருந்த ஊத்தி, சட்டய மாட்டி, "அவங்க போற வரைக்கும் இருமாம இருங்க"ன்னு கெஞ்சி உக்கார வெப்பேன். நீங்க தெரு முக்கு திரும்பினதும் பாரு, அடக்கி வெச்ச இருமல் எல்லாம் சேந்து ஆளத் தூக்கிப் போடும்.

— மெத்தய ஒரு தடவ நான்தான் தூக்கிக் குடுத்தேன் லா.

— கன்னையா! உனக்குத் தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டே ஏன் என்கிட்ட சொல்லல?

— அக்கா சத்தியம் வாங்கிக்கிச்சு, கோமதி. சாமி மேல சத்தியம். நான் என்ன பண்றது?

— நல்லா இருக்குக்கா! ரொம்ப நல்லா இருக்கு! எல்லாருமாச் சேந்து என்ன முட்டாளாக்கிட்டு, இப்ப நடுத்தெருவுல நிக்க வெச்சுத் திட்டுறீங்க. எனக்கும் கோவம் வரும். இந்த வீட்டுக்காக லீவு போட்டுட்டு ஒவ்வொரு ஆபீஸா நாய் மாதிரி அலைஞ்சிருக்கேன். "வீடு எப்படிக்கா இருக்கு"ன்னு உங்ககிட்ட கேட்டேனா இல்லையா? "எனக்கென்னம்மா, ராஜா வீடு"ன்னு சொன்னது யாரு?

— வீட்டுக்கு வந்தவ கேட்டா வேற என்னத்தச் சொல்லுவாங்க? "நாறுது, மூக்கப் பொத்திக்க"ன்னா? ஒங்க வீட்ல அப்படித்தான் சொல்லுவீங்களா? நீ கேட்டது இருபது பேரு கேமராவும் கையுமா நிக்கும்போது. ஒரு மழ நாளு, தனியா வந்து, "அக்கா, இங்க இருக்க உங்களுக்கு இஷ்டமா"ன்னு கேட்டியா?

— இல்லக்கா.

— கேக்கல. ஜன்னலுக்கு என்ன வயசுன்னு கேட்ட. தரைக்கல்லு எந்த நாட்டுலேருந்து கப்பல்ல வந்துச்சுன்னு கேட்ட. அந்தத் தரையில பாய் விரிச்சுப் படுக்கிறவள ஒண்ணும் கேக்கல. ஒனக்கென்ன, இங்க சுத்திப் பாத்துட்டு ஜிலுஜிலுன்னு ஏர்கோன் ஓடுற வீட்டுக்குப் போயிருவ. அழாத. அழுதா நான் எறங்கி வந்துருவேன்னு நெனைக்காத.

— நான் அழல. தூசி.

— ஆமா, தூசி. கன்னையா, அவளுக்குத் தண்ணி குடு.

— இந்தா கோமதி, குடி. ஆளுங்கள நான் வேற ரோட்டுப் பக்கம் கூட்டிக்கிட்டுப் போகவா?

— கூட்டிக்கிட்டுப் போ கன்னையா. இல்ல, இரு. கொஞ்ச நேரம் இரு. அக்கா, இந்தச் சந்துக்குள்ள இனிமே டூர் வராது. இன்னையோட நிறுத்திடறேன். தப்புதான்க்கா. உங்களக் கேட்டிருக்கணும்.

— டூரு வந்தா என்ன, வராட்டி என்ன? எனக்கு அதா முக்கியம்? மனுவத் திருப்பி வாங்கு.

— போயிக் கேக்கறேன்க்கா…

— அது என்ன இழுவை? கேக்கறது இல்ல, வாங்கணும். இங்க பாரு கோமதி, ஒன்ன எனக்குப் பிடிக்கும், அதனாலதான் இந்த மட்டோட விடறேன். வேற எவளாச்சும் இருந்திருந்தா வெளக்கமாத்த எடுத்திருப்பேன். மனு குடுத்தா ஆபீசர் ஒருத்தன் வந்து வீட்டப் பாப்பானாம், அவன் சொல்றதுதான் முடிவாம். வள்ளியம்மா எல்லாம் வெசாரிச்சுட்டா. வரட்டுமே! நானே கையப் புடிச்சு உள்ள இழுத்துக்கிட்டுப் போறேன். ஒரு வாளி நகராது. காலண்டரெல்லாம் கழட்டி எறிஞ்சுருவேன். அந்த நனைஞ்ச மெத்தயில அவன உக்கார வெச்சு, "ஒன் பொண்டாட்டி புள்ளயப் படுக்க வெப்பியாடா இதுல"ன்னு கேக்கறேன். எங்க வீட்டு மனுசன் மனசாரத் தொண்ட கிழிய இருமட்டும், அவன் கேக்கட்டும். வெக்கமாவது ஒண்ணாவது, எல்லாத்தையும் தொடைச்சுப் போட்டாச்சு. எப்ப வரான் அவன்?

— அக்கா…

— அவன் மூஞ்சிய ஏன் பாக்குற? எப்ப வரான்னு கேட்டேன்.

— சொல்லிடு கோமதி. மறைச்சு என்ன லா செய்யப் போற?

— அவர் வந்துட்டுப் போயிட்டாருக்கா. போன ஞாயித்துக்கெழம. ஆபீசர்னு யாருக்கும் சொல்ல வேணாம்னுட்டு எங்க கூட்டத்தோட ஒரு சைக்கிள எடுத்துக்கிட்டு வந்தாரு.

— எந்த ஆளு?

— நரச்ச மீச. உங்ககிட்ட ரெண்டாவது காப்பி கேட்டு வாங்கிக் குடிச்சாரே.

— அந்த மனுசனா? செருப்ப வெளிய கழட்டி வெச்சுட்டு, தலையக் குனிஞ்சு வந்தாரே, அவரா?

— அவர்தான். வெள்ளிக்கெழம முடிவும் வந்துருச்சு. இடிக்கக் கூடாதுன்னு. நான் அதச் சொல்லத்தான்க்கா இன்னைக்கு ஓடி வந்தேன்.

— ஐயோ! எதப் பாத்துடி சொன்னான் அந்தப் பாவி? என்னத்தத் தெரியும் அவனுக்கு இந்த வீட்டப் பத்தி?

— கெளம்பும்போது கேட்டாருக்கா, மழ பேஞ்சா கூரை ஒழுகுமான்னு. உங்களத்தான் கேட்டாரு. நீங்க சிரிச்சுக்கிட்டே, "எங்க வீட்லயா? ஒரு சொட்டு விழாது"ன்னு சொன்னீங்க.