முராய்க்கு எறிந்த செருப்பு

பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்குப் போகும் காலை ஃபெரி. என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்த இளையவள் சொன்னாள்:

"இன்னிக்கும் அந்த முராய் குருவி மேல செருப்ப வீசிட்டுத்தான் வரேன், அக்கா."

"ஐயோ, ஏன் லா? நீதானே அந்த ஜோடிக் குருவி ரெண்டுக்கும் கையில புழு வச்சி ஊட்டுவே?"

"அதான் வினையாப் போச்சு. முதல்ல சுவத்து மேல வச்சேன். அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா கிட்ட வர வச்சி, விசிலடிச்சா கையில வந்து உட்கார்ற அளவுக்குப் பழக்கிட்டேன். பக்கத்து வீட்டுக்காரன் எல்லாத்தையும் பார்த்துக்கிட்டே இருந்திருக்கான். அதே மாதிரி விசிலடிச்சான், புழுவ நீட்டினான். ஆண் குருவி நம்பி வந்துச்சி. அப்படியே அமுக்கிட்டான். இப்ப அவன் வாசல்ல, கூண்டுல கெடந்து கத்துது."

"போய்க் கேட்க வேண்டியதுதானே?"

"கேட்டேன். 'குருவி மேல உன் பேரா எழுதியிருக்கு?'ன்னு சிரிக்கிறான், நாசமாப் போறவன்! பொட்டை மட்டும் இன்னும் வெளியே இருக்கு. அதுவாவது மனுசனப் பார்த்தா பயந்து ஓடட்டும்னுதான் வீசுறேன்."

"ஓடுதா?"

அவள் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எறிஞ்ச செருப்பு மேலயே வந்து உட்கார்ந்து, என் கையப் பாக்குது, அக்கா."